கம்பி மாற்றாத கிட்டார்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தனபாலிடம் மூன்று கிட்டார்கள் இருந்தன. மூன்றும் தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்தவை. தனபால் மட்டும் மூன்றில் ஒன்றைக்கூட வாசித்ததில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. இருபத்து நான்கு வயதில் புதுக் கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு சேலத்தில் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்தான். மூன்று மாதம் கழித்து வாத்தியார் இவன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தவில் நல்லா வருமுங்க தம்பி" என்றார். தனபால் அதை விரலின் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டாரின் குற்றமாக எடுத்துக்கொண்டான். புதுக் கிட்டாருக்கு என்ன தெரியும்? அதுவும் அவனைப் போலவே எல்.கே.ஜி. இரண்டு எல்.கே.ஜி. சேர்ந்தால் எப்படிப் பாடம் நடக்கும்?

சேலத்துப் பக்கம் பழைய லாரி வாங்குகிறவன் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் ஓனரைப் பார்ப்பான். கைராசிக்காரரா, வாழ்ந்த குடும்பமா என்று விசாரித்த பிறகுதான் பானட்டைத் திறக்கச் சொல்வான். தனபாலின் அப்பா அப்படி வாங்கிய லாரி ஓடித்தான் இந்தக் கடையே உண்டாயிற்று. ஆகவே தனபாலும் ஓனர் பார்த்துக் கிட்டார் வாங்கினான்.

முதலாவது, கோயில் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ரா வாசித்த அருண்குமாருடையது. அவர் இப்போது இன்சூரன்ஸ் பிடிக்கிறார். இரண்டாவது, பெங்களூரு ஓட்டல் ஒன்றில் விருந்தாளிகள் சாப்பிடச் சாப்பிட வாசித்து, ஒருநாள் வாசிக்கும்போதே செத்துப்போன ஒருவருடையது. விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தார்களாம். மூன்றாவது, சென்னையில் முப்பது வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த ஜோஸ்வாவுடையது. அந்த முப்பது வருடத்தில் ஒரு கேசட் உறையில்கூட ஜோஸ்வாவின் பெயர் வந்ததில்லை. முதன்முதலாக அச்சில் வந்தது தனபால் கடையில்தான். கிட்டாருக்குக் கீழே ஓர் அட்டை: 'இதை வாசித்தவர் திரு. ஜோஸ்வா'. லேமினேஷன் வேறு.

வாழ்நாளெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவனுக்கு அசல் என்று இருந்தது கிட்டார்களை மாட்டிய அந்தச் சுவர் ஒன்றுதான். அதற்குச் சில சட்டங்கள் வைத்திருந்தான். துடைக்கக் கூடாது. சுருதி திருப்பக் கூடாது. முக்கியமாக, கம்பி மாற்றக் கூடாது. மரம் வெறும் மரம். விரல் பட்டுத் தேய்ந்தது கம்பிதான். வித்தை வேர்வையில் இருக்கிறது, வேர்வை கம்பியில் இருக்கிறது. ஒரு நல்ல நாள் பார்த்து ஜோஸ்வாவின் கிட்டாரை இவன் மடியில் வைத்தால், கம்பியில் இருக்கும் கை இவன் கைக்கு இறங்கிவிடும்.

நல்ல நாள் ஒன்பது வருடமாக வரவில்லை. முதலில் ஏழரைச் சனி, அப்புறம் ஊரடங்கு, அப்புறம் வருடா வருடம் கோடை விழாக் கூட்டம். அதற்காகக் கிட்டாரை அவன் கவனிக்காமலும் விடவில்லை. ஆயுத பூஜைக்கு ஜெராக்ஸ் மெஷினுக்கு வைப்பதுபோல மூன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்தான். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரத்துண்டை பிரிட்ஜ் என்பார்கள். பார்க்க நெற்றி மாதிரி இருந்ததால் சந்தனப் பொட்டு அங்கே. ஒன்பது பூஜை, ஒன்பது பொட்டு.

"மூணு சக்களத்திய செவுத்துல மாட்டி வெச்சிருக்கறீங்க" என்பாள் அவன் மனைவி சசிகலா. "ஒருத்தியாச்சும் வாயத் தொறக்கறாளா? ஊட்டுல நான் ஒருத்தியே பேசிப் பேசிச் சாவோணுமா?"

"நேரம் வருமுங்க, பாரு" என்பான். கோபம் வந்தால் பெண்டாட்டிக்கும் 'ங்க' போட்டுவிடுவான்.

லாட்ஜில் அறை எடுக்க ஆதார் நகல் கேட்டு வரும் டூரிஸ்டுகளும் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "கிட்டார் வாசிப்பீங்களாண்ணா?"

"இன்னும் இல்லீங்க" என்பான் தனபால்.

அந்த 'இன்னும்' மேல்தான் அவன் கடை திறந்து கடை சாத்திக்கொண்டிருந்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தபோது, ஒரு வயசாளி கடைக்குள் வந்தார். இடது கை ஸ்வெட்டர் பையில் இருந்தது. வலது கையால் ஒரு விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு காப்பிங்களா?" என்றான் தனபால், நிமிராமல்.

"காப்பி அப்புறம் எடுக்கலாம். என்னைத் தெரியுதா தம்பி?"

நிமிர்ந்தான். தலை பாதியாகவும் மூக்கு இரண்டு பங்காகவும் ஆகியிருந்தாலும் தெரிந்தது: ஜோஸ்வா. நாற்காலியை இழுத்துத் துடைத்தான், கைகூப்பினான், டீ சொல்ல ஓடினான், திரும்பி வந்து மறுபடியும் நாற்காலியைத் துடைத்தான்.

"ஏனுங்க சார், ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனுங்களே!"

"பொண்ணு இப்ப சேலத்துல இருக்கா. அவகூடத்தான் இருக்கேன். இருபது கொண்டை ஊசி வளைவுதானே. பதினாலுல வாந்தி எடுத்தேன், மத்தபடி சௌகரியமா வந்தேன்."

விஷயம் இதுதான். நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை தரும் ஓர் அலுவலகத்தில் ஜோஸ்வா விண்ணப்பித்திருந்தார். நலிந்தவர் என்பதற்கு அத்தாட்சி தேவைப்படவில்லை, ஆளைப் பார்த்தாலே போதும் என்று சொல்லிவிட்டார்கள். கலைஞர் என்பதற்குத்தான் அத்தாட்சி கேட்டார்கள். 'கருவியுடன் கூடிய வண்ணப் புகைப்படம், இரண்டு பிரதிகள்.'

"கருவிய வித்துட்டேன்னு சொன்னேன். கருவி இல்லைன்னா நீங்க எப்படிக் கலைஞர்னு கேட்டாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. அதான், ஒரு போட்டோவுக்கு மட்டும் அதை மடியில வெச்சுக்கலாமான்னு..."

தனபாலுக்கு, கடவுளே கோயிலுக்கு வந்து, சிலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு செல்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதுபோல் இருந்தது.

"எத்தனை வேணும்னாலும் எடுக்கலாமுங்க. ஒரே ஒரு ஆசைங்க சார். நொம்ப நாளு ஆசை. ஒரு பாட்டு... அரைப் பாட்டு வாசிச்சீங்கன்னாப் போதும். இது வாசிச்சு நான் கேட்டதே இல்லீங்க."

ஜோஸ்வா ஸ்வெட்டர் பையிலிருந்து இடது கையை வலது கையால் எடுத்து மேஜைமேல் வைத்தார். யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரி அது கிடந்தது.

"ரெண்டு வருஷமாச்சு. வாதம். இதுதான் கம்பிய அழுத்தற கை."

தனபால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சுவரைப் பார்த்தான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த நினைப்பு வந்துவிட்டது: அப்படியானால் அந்தக் கை இப்போது உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. நம்ம கடையில்.

ஆணியிலிருந்து கிட்டாரை இறக்கினான். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. முதுகில் பூசணம் பச்சையாகப் படர்ந்திருந்தது. மடியில் வாங்கிய ஜோஸ்வா ஒரு கண்ணை மூடி அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார்.

"வில்லு மாதிரி வளைஞ்சிருக்கே. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல எலி போகும். பிரிட்ஜுகூடத் தூக்கிக்கிட்டு நிக்குது. மலைமேல ஈரம் ஜாஸ்தி தம்பி, கம்பிய தளர்த்தி வைக்கணும். யாரும் சொல்லலையா?" சுருதி சேர்க்கும் திருகாணியில் கை வைத்தார்.

"வேண்டாமுங்க!" தனபால் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "நீங்க வெச்ச சுருதிங்க அது. அப்படியே இருக்குது. ஒரே ஒரு தட்டு தட்டுங்க சார். வலது கையாலதான். அப்புறம் தளர்த்திக்கலாமுங்க."

வயசாளி அவன் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு ஆசையாக யாரும் அவரிடம் எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். கட்டைவிரலால் ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தார்.

கால் நொடி ஏதோ கேட்டது. அது சுருதியாகவும் இருந்திருக்கலாம். அதற்குள் டமார் என்று பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு எகிறியது. அது ஒட்டியிருந்த இடத்தில் மேற்பலகையும் ஒரு கை அகலத்துக்குப் பிளந்து வந்தது. ஆறு கம்பிகளும் அறுந்து சுருண்டு ஜோஸ்வாவின் மடியில் விழுந்தன. காய்ந்த சந்தனம் பொடியாகக் கடை முழுக்கப் பறந்தது. எதிரே பழக்கடை பொன்னாயி மஞ்சுக்குள்ளிருந்து, "ஏனுங் தனபாலு, டயரா?" என்று சத்தம் போட்டாள்.



ஜோஸ்வா திட்டவில்லை. துருவேறிய ஒரு கம்பியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது நான் மாட்டுனதா?"

"நீங்க மாட்டுனதேதாங்க." கிட்டார் போனால் போகட்டும், கம்பி இருக்கிறதே என்று தனபாலின் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. "ஒருக்காக்கூட மாத்தலீங்க. துடைக்கக்கூட இல்லீங்க. உங்க கை பட்டதுங்க."

"உன்கிட்ட குடுக்கறதுக்கு முந்தின நாள் மாட்டினேன். பழசு கருத்துப் போயிருந்துச்சு. விக்கற பொருள் பளபளன்னு இருக்கட்டும்னு."

"மாட்டிட்டு... வாசிச்சீங்களுங்களா?"

"சுருதி சேர்த்தேன். வாசிச்சா அழுதிருப்பேன்ப்பா. அதனால வாசிக்கல."

தனபால் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டான். "பழைய கம்பி என்னங்க ஆச்சு?" என்றான்.

"எம்பொண்ணு மொட்டை மாடியில பாகற்கொடிக்குப் பந்தல் கட்டினா." ஜோஸ்வா கொஞ்சம் யோசித்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "நல்லா காய்ச்சுது" என்றார்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள், சேலம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. தனபால் எழுந்து, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வைத்திருந்த நீலத் திரையை இறக்கினான். உடைந்த கிட்டாரை அவர் மடியில் நிறுத்தி, பிளந்த இடத்தை மறைக்கிற மாதிரி வலது கையை அதன்மேல் வைத்தான்.

"கம்பி இல்லாம எப்படிப்பா?"

"கம்பி நான் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேனுங்க. பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கோட்டு சூட்டே போட்டிருக்கறேன்."

இடது கை நிற்கவில்லை. கழுத்துப் பலகையில் வைக்க வைக்க நழுவியது. கடைசியில் தனபால் அவர் காலடியில் மண்டி போட்டான்.

"சும்மா வெச்சாப் பொய்யாத் தெரியும். பாக்கறவனுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்" என்றார் ஜோஸ்வா. "சி மேஜர்னு ஒண்ணு வை. எல்லாரும் முதல்ல படிக்கறது. ஆள்காட்டி விரலு முதல் கட்டம், கீழேருந்து ரெண்டாவது கம்பி. கம்பி இருக்கறதா நினைச்சுக்கோ. நடுவிரல் அடுத்த கட்டம், நாலாவது கம்பி. மோதிர விரலை எட்டி வை, மூணாவது கட்டம், அஞ்சாவது. இல்லப்பா, விரலை மடக்கு. படுக்க வைக்காதே. நுனிதான் படணும்."

தனபால் உயிரில்லாத அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மடக்கி, இல்லாத கம்பிகளின்மேல் வைத்தான். ஒன்றை வைத்தால் ஒன்று வழுகியது. மறுபடி வைத்தான். அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. நான்காவது தடவை நின்றது.

"சரியா வெச்சுட்டே" என்றார் ஜோஸ்வா. "சீக்கிரம் எடு."

எடுத்தான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆறு கம்பிகள் வரைந்தான். தடிமனில் தொடங்கி மெலிந்துகொண்டே வருகிற ஆறு நேர்கோடுகள், துரு இல்லாமல். புதிதாக ஒரு பிரிட்ஜும் வைத்தான். பிரிண்ட் போட்டு, இரண்டு பிரதிகளையும் அவர் கையில் கொடுத்தான்.

ஜோஸ்வா படத்தைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "யாருப்பா இது?" என்றார். "நல்லா வாசிப்பான் போல இருக்கே."

பஸ் ஏற்றிவிட்டு வந்த தனபால், சுவரில் மிச்சமிருந்த இரண்டு கிட்டார்களுக்கு முன்னால் நின்றான். அருண்குமாரின் எண் போனில் இருந்தது. உங்கள் கம்பி எப்போது மாட்டியது என்று கேட்டுவிடலாம். எண்ணை எடுத்தான், பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்தான். தன் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி மூன்று விரல்களையும் மடக்கிப் பார்த்தான். மோதிர விரல் எட்டவில்லை. கையை இறக்கிக்கொண்டான்.

ஒரு புதுமணத் தம்பதி உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் ஆதார் கார்டை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். இரண்டு கிட்டார், நடுவில் ஒரு வெறும் ஆணி, அதன் கீழே பெயர் அட்டை.

"கிட்டார் வாசிப்பீங்களாண்ணா?"

"இல்லீங்க" என்றான் தனபால். "ரெண்டு பக்கமும் எடுக்கோணுங்களா?"