முழுப் பேர்

ஐப்பசி மழையில், முதுகில் கூடையோடு தேயிலை மலையின் வடிகானுக்குள் வழுக்கி விழுந்ததில் வேலாயியின் வலது கை ஒடிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொடாது. தொடாத விரலால் எப்படிக் கொழுந்து கிள்ளுவது?

அவளோடு நிரையில் நின்ற காளியாயியும் இன்னும் நான்கு பெண்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். நிறுவைக்குப் போகுமுன், யாருக்கும் தெரியாமல் ஆளுக்கு இரண்டு பிடி அவள் கூடையில் போட்டார்கள். நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். அரை நாள் சம்பளத்தில் அடுப்பு எரியாது. பன்னிரண்டு வயது மகள் பூரணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி மலைக்கு அனுப்ப வேண்டியதுதான். நட்டஈடு கிடைத்தால் பிள்ளை தப்பும். அதற்காகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி ஆறு மாதம் நாயாய் அலைந்து, ஹட்டனில் தொழில் அதிகாரியின் விசாரணை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அதிகாரி அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை கோணல்தான். ஆனா சட்டம் கேக்கிறது அதை இல்ல. சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு கொறஞ்சிருக்கு?"

கணக்கப்பிள்ளை எழுந்து, சத்தியம் செய்து, பேர் போடும் செக்ரோலை விரித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் அப்படியொரு அரிச்சந்திரன் களை! கை கூடி வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லா நாளும் முழுப் பேர்.

வேலாயி அந்தப் பக்கத்தையே பார்த்தாள். அவளைக் காப்பாற்றப் போட்ட கொழுந்தா இப்படி எழுந்து நின்று சாட்சி சொல்கிறது?

"ஐயா, அது நாங்க அள்ளிப் போட்டதுங்க!" சாட்சிக்கு வந்திருந்த காளியாயி கத்திவிட்டாள்.

கணக்கப்பிள்ளை திரும்பினார். "அப்ப இத்தனை நாளா களவு நிறையா? எத்தனை பேரு சேந்து செஞ்சீங்க? எல்லாருக்கும் பேர் வெட்டிரலாம்."

காளியாயியின் முகம் வெளுத்தது. அவளுக்கும் வீட்டில் நான்கு வயிறு. வேலாயி முந்திக்கொண்டாள்.

"அவ பாசத்துல சொல்றாளுங்க. எல்லாம் நானே பறிச்சதுங்க."

செல்லசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். இழப்பு எதுவும் இல்லை என்று அதிகாரி எழுதி முடித்தார்.

மறுநாள் மலையில் காளியாயி பிடிக் கொழுந்தோடு வந்தபோது, வேலாயி கூடையை நகர்த்திக்கொண்டாள். இனி கணக்கப்பிள்ளையின் கண் அந்த ஐந்து பேர் மேல்தான் இருக்கும்.

தராசில் கூடை ஏறியது. முள் பாதிகூடத் தாண்டவில்லை. நேற்று சத்தியம் செய்த கணக்கப்பிள்ளையின் அதே வாய், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னது:

"அரைப் பேர். நாளைக்கு மகளயும் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குக் கூட்டிட்டு வா."