இரண்டு தட்டு இடைவெளி

"பாட்டு எழுதினது, மெட்டுப் போட்டது இந்த நஸ்லியாதான் எண்டு இண்டைக்கு கெமராவுக்கு முன்னால சொல்லுங்க மச்சான்."

கேட்டுவிட்டேன். இதைக் கேட்கவே கூடாது என்று மாதக்கணக்காக உம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ராத்தாவின் மாப்பிள்ளையிடம் போய் நியாயம் கேட்டால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விடுவார் என்பது உம்மாவுடைய பயம். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு எனக்கு மூத்தவள், ராத்தா பஸ்மிலாவுக்குச் சீதனமாகப் போனது. அவளைக் கட்டிக்கொண்டு ஜெஸீம் மச்சான் வந்தார், அவரோடு கீபோர்ட்டும் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கர்களும் வந்தன. எந்த முன்னறையில் படித்து எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் எடுத்தேனோ, அது ஸ்டூடியோவாயிற்று. பட்டத்தை வைத்துக்கொண்டு நான் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அதையும் பொறுத்தேன். பாட்டைப் பொறுக்க முடியவில்லை.

மச்சான் கண்ணாடியைப் பார்த்துத் தாடியில் அத்தர் தடவிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து டீவிக்காரர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீ ஹம் பண்ணின, ஓம்," என்றார். "மீன்காரனும்தான் தெருவுல ஹோன் அடிக்கான். அவன்ட பேரையும் போடுறதா மச்சி?"

ஹம் பண்ணினேனாம்.

மருதமுனையில் ஒரு கல்யாணத்துக்கு அவர் முதலில் செய்த பாட்டு எனக்கு நினைவிருக்கிறது. வேறு யாருக்கும் இருக்காது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நிலா, மல்லிகை, சுவனம், இடைவிடாத ட்ரம். புரியாணி சஹன் தட்டு வந்து இறங்குவதற்குள் சனம் மறந்துபோனது. நான்தான் சொன்னேன், பெயர்களை எடுங்கள் என்று. பெயர் இருந்தால் அந்தக் கல்யாணத்தோடு பாட்டும் முடிந்தது. நிலாவைத் தூக்கி எறிந்தேன். முன்பல் விழுந்த பிள்ளையும் பாடக்கூடிய வரி ஒன்று எழுதினேன்: வாசலுக்கு வந்ததாரு? மெட்டு மேலே ஏறும், கேட்கும், பிறகு இரண்டு தாளத் தட்டுக்கு ஒன்றுமே இராது.

அந்த இடத்தில் ட்ரம் உருட்டப் பறந்தார் மச்சான். "காத்துப் போகுது அதால," என்றார்.

"போகட்டும். கையை எடுங்க."

கார் வந்து நின்று மாப்பிள்ளை காலை வெளியே வைக்கும்போது பெண்கள் எல்லாரும் ஒரு மூச்சு பிடிப்பார்கள். பிறகுதான் குரவை எழும்பும். அந்த மூச்சுக்குத்தான் இடம் விட்டேன். எல்லாவற்றையும் தானே சொல்லி முடிக்கும் பாட்டைச் சனம் கேட்டுவிட்டுப் போய்விடும். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடும் பாட்டுக்குள் சனம் வந்து நுழையும். நுழைந்தவன் வெளியே போகமாட்டான் என்று மச்சானுக்கும் சொன்னேன்.

அப்படித்தான் நடந்தது. அடுத்த கல்யாணத்திலேயே, யாரும் சொல்லாமல், சரியாக அந்த இடத்தில் பெண்கள் குரவை போட்டார்கள். பிறகு டிக்டொக்கில் பெட்டைகள் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் ஒருத்தி கோப்பையில் கரண்டியால் தட்டினாள், ஒருத்தி தன் பூனையைக் கூப்பிட்டாள். இப்போது அக்கரைப்பற்று வரைக்கும் இந்தப் பாட்டில்லாமல் ஒரு மாப்பிள்ளை காரை விட்டு இறங்குவதில்லை.

பாட்டு எப்படிப் பிறந்தது என்று ரேடியோவில் கேட்டார்கள். "கடற்கரையில தனிய இரிக்கக்குள்ள வந்திச்சு," என்றார் மச்சான். நான் இறால் உரித்துக்கொண்டே கேட்டேன். மண் ஒட்டும் என்று கடற்கரைக்கே போகாத மனிதர்.

"ஒரு பேருதானே மச்சான்," என்றேன். "சொல்லுங்க."

அவர் சிரித்தார். "பேரே இல்லாததாலதான் பாட்டு நிலைச்சு நிக்கிதெண்டு நீதானே சொன்ன? இப்ப ஒன்ட பேரு என்னத்துக்கு?"

உம்மா இடையில் வந்து என் கையைப் பிடித்தார். "புள்ள, ராத்தாட வாழ்க்கைய நெனச்சுப் பாரு. பொம்புளப்புள்ளட பேரு பாட்டுல வந்தா நாளைக்கு ஆரு ஒன்னக் கேட்டு வருவான்?"

"வராட்டிப் போகட்டும். வந்தாலும் சீதனமாக் குடுக்க இன்னொரு வீடா இரிக்கி?"

உம்மா கையை விட்டார்.

குசினியில் ராத்தா டீவிக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று மெதுவாகப் பாடினேன். "வாசலுக்கு வந்ததாரு?" அந்த இரண்டு தட்டில், சரியாக, "கள்ளன்!" என்றேன்.

ராத்தா வெடித்துச் சிரித்தாள். தேநீர் தட்டில் கொட்டியது. சிரித்து முடிவதற்குள் முகம் வெளிறிப்போனது.

"இன்னொருக்காப் பாடாதடி."

"பாடத் தேவல்ல. இப்ப நீ பாடிப் பாரு, அந்தச் சொல்லு இல்லாம."

உதட்டுக்குள் முணுமுணுத்தாள். இடைவெளி வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லாட காவல். இனி எனக்கு இதுதான்டி வரும்."

"ஒனக்கு மட்டுமா?"

அவளுக்கு விளங்கிவிட்டது. இதை ஒருமுறை ஊர் கேட்டால் போதும். பாட்டு சாகாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கத்துவார்கள், ஓட்டோக்காரர்கள் கத்துவார்கள். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது சனம் கள்ளன் என்று கத்தினால் எந்தக் குடும்பம் ஜெஸீமைக் கூப்பிட்டுப் பாட வைக்கும்? பாட்டு நிலைத்து நிற்கும். அவர் நிற்கமாட்டார்.

அடுத்த ஒழுங்கையில் இருந்து டிக்டொக் வீடியோ எடுக்கும் ஹுஸ்னியா காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள்: 'லைட் எல்லாம் ரெடி. முகம் காட்டுவியா?' நான் இன்னும் பதில் போடவில்லை.

"அவரு என்ட மாப்பிள்ளடி," என்றாள் ராத்தா.

"தெரியும். அதாலதான் இன்னும் வீட்டுக்குள்ள நிக்கிறன். கெமராவுக்கு முன்னால ஒருக்கா என்ட பேரச் சொல்லட்டும். ஹுஸ்னியாவ லைட்ட அணைக்கச் சொல்றன்."

டீவிக்காரர்கள் வந்தார்கள். மச்சானை என் பழைய அறை வாசலில், கீபோர்ட் தெரியும்படி இருத்தினார்கள். நானும் ராத்தாவும் குசினித் திரைக்குப் பின்னால் நின்றோம். அவள் கையில் தேநீர்த் தட்டு. கேள்வி கேட்ட பெண் கெட்டிக்காரி, நேரே அங்கேதான் வந்தாள்.

"அந்த இடைவெளி இல்லையென்றால் இந்தப் பாட்டே இல்லை, இல்லையா? அது யாருடைய யோசனை?"

மச்சானுடைய கண் ஒரு கணம் திரைப் பக்கம் வந்தது. நான் நிற்பது அவருக்குத் தெரியும். பிறகு தாடியைத் தடவினார்.

"அது தங்கச்சி, அல்லாஹ் தந்தது. கடற்கரையில தனிய இரிக்கக்குள்ள..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேள்வியக் கேட்டுட்டு வாய மூடத் தெரியணும். அது எல்லாருக்கும் வராது."

என் வசனம். சொல்லுக்குச் சொல் என் வசனம்.

ராத்தாவைப் பார்த்தேன். அவள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'போகாதே' என்று சொல்வாள் என்று நினைத்தேன். தட்டோடு சேர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

ஹுஸ்னியாவுக்குச் செய்தி அடித்தேன்: 'முகமும் காட்டுறன். பேரும் சொல்றன். இப்ப வாறன்.'

அபாயாவைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு, திரையை விலக்கி, கெமராவுக்கும் மச்சானுக்கும் நடுவால் நடந்தேன். குனியவில்லை. கெமராக்காரன் தலையைத் தூக்கினான்.

"யார் இவங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வீட்டுப் புள்ள," என்றார் மச்சான்.

வாசற்படியில் செருப்பைத் தேடிப் போட்டேன். உம்மா பின்னால் ஓடி வந்தார். "இந்த நேரத்துல எங்க புள்ள போறாய்?"

"பாட்டுப் பாட."

உள்ளே யாரோ மறுபடியும் எடுப்போம் என்றார்கள். மச்சான் மீண்டும் கடற்கரையில் தனிய இருக்கத் தொடங்கினார். நான் கேற்றைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினேன்.