அம்மா மடிக்குப் போட்ட தடை

சமையலறை வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டு, வெல்டர் தன் மூன்று வயது மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். உள்ளே அவர் மனைவி மகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மாகிட்ட போறேன்ப்பா.”

“அம்மாவுக்குக் கரண்டு வச்சிருக்காங்க கண்ணு. கிட்ட போகக் கூடாது.”

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியை எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி செல்கள் இருந்தால் அவற்றையும் அழிக்கக் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. அதைத்தான் கரண்டு வைப்பது என்கிறார்கள். இருபது தடவையில் எட்டு முடிந்திருந்தது. வெல்டருக்குப் பாசத்தில் குறைச்சல் இல்லை. தொழில்தான் அவரைக் கவிழ்த்தது. பற்றவைத்த இரும்பு வெகுநேரம் சுடும். கதிரும் அப்படித்தான் உடம்பில் தங்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

அவள் பால் டம்ளரை நாற்காலி மேல் வைத்தாள்.

“நாளையிலேர்ந்து நான் ஆஸ்பத்திரிக்கு வரலைங்க. பத்து நாளா என் புள்ளைய நான் தொடல. இப்படிப் பொழைச்சு என்ன பண்ணப் போறேன்?”

மறுநாள் வெல்டர் கெஞ்சிக் கூத்தாடி அவளை அழைத்துப் போனார். அவள் உடை மாற்றப் போனதும், மெஷினை இயக்கும் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏம்மா, இந்தக் கதிர் உடம்ப விட்டு இறங்க எவ்வளவு நேரமாகும்?”

“நீங்க என்ன வேலை பாக்கறீங்கண்ணே?”

“வெல்டிங்.”

“வெல்டிங்கை நிறுத்தின பிறகு அந்த வெளிச்சம் இரும்புல நிக்குமா?”

“வெளிச்சம் எங்க நிக்கும்? சூடுதான் நிக்கும்.”

“இது அந்த வெளிச்சம் மாதிரிண்ணே. வெளியிலேர்ந்து குடுக்கறோம். மெஷின் நின்னா கதிரும் நின்னுடும். தோல் கொஞ்சம் சிவக்கலாம், அசதியா இருக்கும். அந்த இடத்துல இடிபடாமப் பாத்துக்கிட்டு, குழந்தையத் தாராளமா மடியில வச்சுக்கலாம். ஆனா சிகிச்சைய நடுவுல விட்டுடாதீங்க.”

“நாற்காலி போட்டுட்டேனேம்மா...” என்றார் வெல்டர். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீடு திரும்பியதும் அவர் முதல் வேலையாக அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார். பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகளை எடுத்து வந்து, மனைவியின் மடியில் நோகாத பக்கமாக உட்கார வைத்தார். அவள் குழந்தையின் உச்சியை முகர்ந்து முகர்ந்து அழுதாள். பார்க்க முடியாமல் அவரும் அழுதார்.

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று அவளே கேட்டாள்.

“ஒம்பதுக்கு.” வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கரண்டை விட நான் போட்ட நாற்காலிதான் உன்னை வதைச்சிருக்கு. தெரியாததக் கேக்கறதுக்கு வெக்கப்பட்டேன். கேக்காம, நோயாளிய ஒதுக்கி வச்சேன் பாரு, அதுக்குத்தான் வெக்கப்படணும்.”