நாங்கள் அனுப்பாத மின்னஞ்சல்

எங்கள் குழுவில் மூன்று பேர். எவேலியோ கணினிப் பொறியாளர், நூபியா வழக்கறிஞர், நான் உளவியல் படித்தவள். இணைய மோசடிகளை ஆராயச் சொல்லி மனிசாலெஸ் என்ற மலைநகரத்தில் உள்ள எங்கள் பல்கலைக்கழகம் மூவரையும் ஒரே அறையில் போட்டிருந்தது. ஆராய்ந்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

ஊழியர்களுக்கு நாங்களே ஒரு போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை. நூபியா ஒப்புக்கொள்ளவில்லை.

"முன்கூட்டியே சொல்லாம அனுப்பினா, நாளைக்குக் கோர்ட்டுல நிக்கப்போறது நான்தான்."

"சொல்லிட்டு அனுப்பினா எவன் ஏமாறுவான்? திருடன் என்ன, போன் பண்ணிட்டா வர்றான்?" என்றார் எவேலியோ.

நூபியாதான் ஜெயித்தாள். எல்லோருக்கும் அறிவிப்பு போனது. அதற்குப் பிறகு உணவகத்தில் காப்பிக்கு நின்றால்கூட, "என்ன டாக்டரம்மா, இந்தக் காப்பியாவது அசலா?" என்று யாராவது கேட்டுச் சிரிப்பார்கள்.

நாங்கள் எதையும் அனுப்புவதற்கு முன்பே ஒரு திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. விடுமுறை நாட்களை உறுதிசெய்ய வேண்டும், கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்றது. எவேலியோ அதைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இது நம்மளது இல்ல," என்றார்.

அதற்குள் வேளாண் துறை அலுவலகச் செயலாளர் ஃபபியோலா எனக்குப் போன் செய்துவிட்டாள். "விழுந்துட்டோம் டாக்டரம்மா. ஆபீஸே மொத்தமா விழுந்துட்டோம். சந்தோஷமா?"

"உண்மையான பாஸ்வேர்டையா கொடுத்தீங்க?"

"உங்ககிட்டதானே போகுது? போனா என்ன?"

அது திருட்டு மின்னஞ்சல் என்று உடனே எல்லோருக்கும் எழுதினோம். ஒருவரும் நம்பவில்லை. இது இரண்டாவது பொறி என்று பேசிக்கொண்டார்களாம். போன் செய்தேன். கணக்கியல் பேராசிரியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குரலைக்கூட மாத்திப் பேசி ஏமாத்துவாங்கன்னு போன மாசம் நீங்கதானே வகுப்பெடுத்தீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் மழையில் நடந்தே கிளம்பினோம். எங்கள் வளாகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் மலையேற வேண்டும். நூபியா குதிகால் உயர்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு கதவிலும் அதே பேச்சு, அதே சிரிப்பு. ஃபபியோலா எங்கள் நனைந்த தலைகளைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். நண்பகலில் கணினி மையம் மொத்த அஞ்சலையும் நிறுத்தியது. தலைமை அலுவலகத்திலிருந்து எங்களைத்தான் திட்டினார்கள்.

பெரும்பாலானவர்கள் தப்பித்தார்கள். தப்பாதவர் பறவையியல் பேராசிரியர் லெயோனெல். அவருடைய கணக்கில் புகுந்தவர்கள், காடுகாடாக அலைந்து அவர் பதிவு செய்திருந்த பறவைக் குரல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்டிருந்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தோம். கணினியை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார் நீங்க போய் ஏமாந்தீங்க?" எவேலியோவின் குரலில் எரிச்சல்தான் இருந்தது.

"ஏமாறலப்பா. எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, யாரும் விழமாட்டாங்க, உங்க ஆராய்ச்சி வீணாப்போயிடும்னு நெனச்சேன். ஒருத்தராவது விழணுமில்லையா?"

எவேலியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படியிறங்கும் வழியில் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டோம். பிறகு அதுவும் அலுத்துப்போனது. சோதனையை ரத்து செய்தார்கள். பூட்டை உடைக்க எவேலியோ எத்தனையோ நாள் முயன்றார், முடியவில்லை. லெயோனெல் முன்பு பொப்பயான் ஊரில் இருந்த ஒரு நண்பருக்குக் கொடுத்திருந்த பிரதியிலிருந்து கொஞ்சம் கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

இப்போது சனிக்கிழமை விடியும்போது நாங்கள் அவரோடு காட்டுக்குப் போகிறோம். ஒலிவாங்கியை எவேலியோதான் தூக்கி வருகிறார். போன வாரம் சேற்றில் வழுக்கி உட்கார்ந்து, பறவையையும் மழையையும் நூபியாவையும் சேர்த்துத் திட்டினார்.

லெயோனெல் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாத் திட்டுப்பா. பதிவாகுது."