செயலாளரின் கார்ட்

என் கணவர் இராஜதுரை பெண்ணுரிமைக்கு எதிரானவர் அல்ல. ரூ காய் என்ற பிரெஞ்சுத் தெருவில் இருக்கும் எங்கள் பலசரக்குக் கடையின் பின்னறையை ஆபிரிக்கப் பெண்களின் சங்கத்துக்கு விட்டுக்கொடுத்தவரே அவர்தான். வெண்டைக்காய் வாங்க வருகிற ஒருவரையும் விடாமல் அதைச் சொல்லியும் வருகிறார்.

சங்கத்தைத் தொடங்கியவள் ஜெனெபா. மாலி நாட்டுக்காரி, எங்களிடம் மரவள்ளிக்கிழங்கு வாங்குகிறவள். அவளுடைய பாஸ்போர்ட்டையும் வதிவிடக் கார்டையும் கணவன் அலுமாரியில் பூட்டிச் சாவியைத் தன்னோடு கொண்டு திரிந்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பதிய ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனவள், தான் யாரென்று காட்ட ஒரு தாளும் இல்லாமல் அழுதுகொண்டு திரும்பினாள். அடுத்த வாரமே நான்கு பெண்களைக் கூட்டிவந்து எங்கள் அரிசி மூட்டைகளில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பெண்ணின் பேப்பரும் அவளுடைய கைப்பையிலேயே இருக்க வேண்டும். சங்கத்தின் முதல் நோக்கம் அதுதான். அடிக்கிற கணவன், கட்டாயக் கல்யாணம், கைவிட்டுப் போனவன் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

இதைக் கேட்டு இவருக்குக் கோபம் கோபமாக வந்தது. "என்ன மனுசர் இவங்கள்? பொம்பிளையளின்ரை பேப்பரைப் பூட்டி வைக்கிறாங்களாம். பாவங்கள்," என்றார். அன்று எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் கிடைத்தது.

இப்போது பதினொரு பெண்கள். சங்கத்தைப் பதிவு செய்ய ஒரு செயலாளர் வேண்டும். பிரெஞ்சில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன் என்று என்னைக் கேட்டார்கள்.

"ஆபிரிக்காவிலை யாழ்ப்பாணம் எந்தப் பக்கம்?" என்று இவர் சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு அந்தப் பதவி வேண்டும். பத்தொன்பது வருடமாக நான் இந்தத் தெருவுக்கு 'இராஜதுரை அண்ணையின்ரை மனுசி'. கோசலை என்ற பெயரைச் சொல்லி என்னை ஒருவரும் எதற்கும் கேட்டதில்லை.

ஆனால் ஜெனெபா ஒரு விதி போட்டிருந்தாள். சேருகிறவள் தன் கைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். என் கார்ட் ரயிலில் போகிற புறநகரான கார்ஜ் லே கொனெஸில், எங்கள் வீட்டில், இவருடைய கறுப்புப் பெட்டிக்குள் கிடந்தது. நம்பர் பூட்டுப் போட்ட பெட்டி. நம்பர் எனக்குத் தெரியாது. மூன்று நாளாகக் கேட்க வாயெடுத்தேன், முடியவில்லை. 'உனக்கு என்னத்துக்கு?' என்பார் என்று தெரியும்.

திங்கட்கிழமை கடை பூட்டு, சங்கம் பின்னறையில் கூடியது. பதினொரு கார்டுகளும் மேசைக்கு வந்தபின் என் முறை வந்தது.

"வீட்டில் இருக்கிறது," என்றேன் பிரெஞ்சில்.

"வீட்டில் எங்கே?" என்றாள் ஜெனெபா.

"அவருடைய பெட்டியில்."

"திறக்கத் தெரியுமா?"

"தெரியாது."

தேநீர்த் தட்டோடு இவர் வாசலில் நின்றார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"பத்திரமா இருக்கட்டும் எண்டுதான்," என்றார் என்னிடம். பிறகு அதையே பிரெஞ்சிலும் சொன்னார். அங்கோலாக்காரி லூசியாதான் முதலில் சிரித்தாள். அவள் கணவனும் அச்சொட்டாக இதைத்தான் சொன்னானாம். அதற்குப் பிறகு அறையே சிரித்தது. ஜெனெபா மட்டும் சிரிக்கவில்லை. செயலாளர் இல்லாமல் பதிவுப் பத்திரத்தில் கையெழுத்து இல்லை, காத்திருக்கிறோம் என்றாள்.

இவர் தட்டை வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். போய்வர ஒன்றரை மணி நேரம். எல்லோருக்கும் வேலை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தியும் எழும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்க வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நம்பரைத் திருப்பினார். கார்டை எடுத்து மேசையில் வைக்கப் போனவரை ஜெனெபா தடுத்தாள். "அங்கே இல்லை, மெசியூ. அவள் கையில்."

வாங்கினேன். கைப்பையில் வைத்து மூடினேன். பிறகு திறந்து, என் கையால் எடுத்து மேசையில் வைத்தேன். படத்தில் இருந்தவளைப் பார்த்துக் கனகாலம். கண் கலங்கிவிட்டது.

கூட்டம் முடிந்து கதவைப் பூட்டும்போது இவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். "கொண்டா, பெட்டிக்குள்ளை வைச்சுவிடுறன்."

"செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. அடுத்த கூட்டத்திலை பேசிப்போட்டுச் சொல்லுறம்."

நீட்டிய கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். தெருமுனையில் மெதுவாக, "அப்ப நம்பரையாவது கேக்கமாட்டியோ?" என்றார்.

"என்னத்துக்கு? இனி உள்ளுக்கை கிடக்கிறது உங்கடை பேப்பருகள்தானே."