முப்பத்தாறு டிகிரி

சகாயநாதன் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பக்கத்தைப் படிக்கத்தான். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து செத்துப்போன பக்தவச்சலத்தின் நோட்டில் இருந்தது அந்தப் பக்கம். செத்த பிறகு நோட்டைப் படித்தவர்கள் அவரைத் தத்துவஞானி என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பக்கத்தில் நிற்பது தன் பெண்டாட்டி மரியசெல்வி என்பது இவனுக்குத் தெரியும்.

'இருபத்தொன்பது. அவள் நிற்கிறாள். முப்பத்துமூன்று. அவள் நிற்கிறாள். முப்பத்தாறு. அவள் நிற்கிறாள்.'

உப்பளத்தில் டிகிரி என்றால் தண்ணீரின் கனம். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அதைப் பார்ப்பது மேஸ்திரி வேலை. இருபத்தைந்தில் உப்பு விளையும். இருபத்தொன்பதில் மிச்சத் தண்ணீர் வெறும் கசப்பு, வடித்துவிட வேண்டும். அந்தப் பக்கம் எழுதிய வருஷம், இன்னும் கொஞ்சம் உப்பு இறங்கட்டும் என்று முதலாளி வடிக்கவிடவில்லை. காலில் வெடிப்போடு மரியசெல்வி மூன்று நாள் அதில் நின்று உப்பு வாரினாள். மேஸ்திரி தினமும் டிகிரி பார்த்தார். வாய் திறக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். வெடிப்பு புண்ணாகி அழுகி, ஆஸ்பத்திரியில் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று முதலாளி சாதித்துவிட்டார். நடந்ததற்கு எழுத்தில் உள்ள சாட்சி அந்த வரிகள் மட்டும்தான்.

நோட்டைப் பற்றி ஆரோவில் பக்கம் ஒரு கூட்டம் போட்டார்கள். சகாயநாதனும் போய்க் கடைசியில் உட்கார்ந்தான். கணக்குப் பேராசிரியை வினோதினி போர்டில் எழுதினார். முதல் இரண்டு எண்களுக்கும் இடையே நாலு, அடுத்ததற்கு மூன்று. அப்படியே போனால் இரண்டு, ஒன்று, பூஜ்யம்.

"அவள் என்பது ஆன்மா. முப்பத்தொன்பதில் அசைவு நின்றுபோகிறது. அந்த எண்ணை அவர் எழுதாமல் விட்டதுதான் மௌனம்."

கைதட்டினார்கள். சகாயநாதன் எழுந்தான்.

"மேடம், அது ஆன்மா இல்லீங்க, என் வீட்டுக்காரி. அதெல்லாம் டிகிரிங்க. முப்பத்தாறோட ஏன் நின்னுபோச்சுன்னா, அன்னிக்கு அவள தூக்கிட்டுப் போயிட்டோம்."

"டிகிரியா?"

"ஆமாங்க, டிகிரி."

"முக்கியமான தகவல் ஐயா. புத்தகத்துல கண்டிப்பா போடறேன்."

அதற்கும் கைதட்டினார்கள். டிகிரி என்ற சொல்லுக்கு உப்பளத்துக்கு வெளியே வேறு அர்த்தம் உண்டு என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது.

"படிய்யா. என் பேரு வந்திருக்குதா?" என்றாள் மரியசெல்வி.

விரல் வைத்துத் தேடினான். பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசியில், அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'இவ்வெண்கள் அன்றைய வெயிலின் அளவு என உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் கூறுகிறார். ஆயினும் தொடரின் ஒழுங்கு அதை ஏற்க இடந்தரவில்லை.'

"வெயிலா?" அவள் சிரித்தாள். "முப்பத்தாறு டிகிரி வெயிலு? சித்திரையில நம்ம ஊட்டுக்குள்ளயே அதுக்கு மேல காயுமேய்யா."

"நான் டிகிரின்னுதான்டி சொன்னேன்."

"சொன்ன. கைதட்டுனாங்கன்னு வந்து பீத்திக்கவும் செஞ்ச."

"நாளைக்கே போய் அந்தம்மாகிட்ட சொல்றேன், மாத்திப் போடச் சொல்லி."

"அச்சடிச்சதுக்கு அப்புறமா? எட்டு வருஷமா எனக்குச் சர்க்கரைன்னான். இப்ப நான் எளவெயில்ல நின்னவ." புத்தகத்தை அவன் மடியிலேயே தள்ளினாள். "இத கொண்டுபோய் மொதலாளிகிட்ட குடு. சந்தோஷப்படுவாரு."