பக்காவும் கச்சாவும்

தாராவியில் ஹமீது பாயின் பட்டறையில் 'பக்கா' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, பம்பாய் முழுக்கச் சொல்கிற 'நிச்சயம்'. இன்னொன்று, அச்சு நன்றாக வெந்து இறுகிவிட்டது என்பது. வேகாதது கச்சா. அந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில் கிடந்த சந்தில்தான் சுடலைக்கண்ணன் போய் ஒளிந்துகொண்டார்.

கார்பன் பைபர் பாகங்களை வார்க்கும் அச்சு அங்கே தயாராகிறது. பிசினையும் அதைக் கெட்டியாக்கும் திரவத்தையும் தராசில் எடை பார்த்துக் கலக்கி, கண்ணாடி இழைத் துணியை அதில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். இறுகியதும் மின்சார அடுப்பில் வைத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். கடைசிச் சூடுதான் உயிர். அதைக் கொடுக்காமல் எடுத்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வாங்கியவர்களின் அடுப்புக்குப் போனதும் இளகிவிடும்.

அடுப்பு சுடலைக்கண்ணனின் பொறுப்பு. அன்று சாயங்காலம் கல்யாண் என்ற ஊரில் அவருடைய மச்சினன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மனைவி விஜயலட்சுமி சயான் ஸ்டேஷனில் நின்றுகொண்டு போன் மேல் போன் போட்டாள். கலவை போடும் மாரீஸ்வரி, "நான் வேணா இருந்து பாத்துக்கிடவா அண்ணாச்சி?" என்று கேட்டாள். சரி என்றிருக்கலாம். தன்னைத் தவிர யாரும் அடுப்பைத் தொடக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு.

"நீ வீட்டுக்குப் போ தாயி. நான் இருந்து வேக வச்சுட்டுப் போறேன்."

அவள் தலை மறைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆக்கப் பொறுத்த மனிதருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

ரயில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது ஹமீது பாய் கூப்பிட்டார்.

"சுடலை, பக்காவா?"

"பக்கா பாய்."

நாளைக்கு அச்சை அனுப்புவது நிச்சயமா என்றுதானே கேட்டார்? வெந்துவிட்டதா என்று கேட்கவில்லையே? கல்யாண் வரைக்கும் மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டு போனார். சொல்லச் சொல்ல நிஜம் மாதிரியே இருந்தது.

அந்த வாரமே அச்சு திரும்பி வந்தது, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வளைந்துபோய். காட்கோபரில் பைக் பாகங்கள் செய்கிறவர்களின் அடுப்பில் இளகி, மேலே படிந்திருந்த கார்பனையும் பாழாக்கியிருந்தது. பாய் வாயைத் திறக்குமுன் மாரீஸ்வரி முந்திக்கொண்டாள்.

"நாந்தான் பாய் எடையில தப்பு விட்டுருப்பேன். கலக்கும்போது பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துச்சு, மவளுக்குக் காய்ச்சல்னு. கை பதறிட்டு."

சுடலைக்கண்ணன் அடுப்பின் கதவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இனிமே தராசத் தொடாத. தேய்க்கிற வேலையப் பாரு" என்றார் பாய். உப்புக் காகிதத்தால் அச்சைத் தேய்த்து, தூசியில் அரிப்பெடுத்துக் கிடந்த வேலையிலிருந்து மேலே வந்தவள் அவள். அந்தப் பட்டறையில் தராசைத் தொட்ட முதல் பெண். அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள்.

மத்தியானம் புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு நீங்க வேற என்னய அனுப்பிட்டு, ஒத்தையில இருந்து வேக வச்சிய. எல்லாம் என்னால வீணாப் போச்சு. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி சுமந்தவள் பாவம் செய்தவரிடமே வந்து மன்னிப்புக் கேட்கிறாள். கேவலமாக இருந்தது. அப்போதும் அவர், "விடு தாயி" என்றுதான் சொன்னார். பெருந்தன்மை வேறு!

சாயங்காலம் பாய் எல்லாரையும் கூப்பிட்டார். துணி ஒட்டும் ஜம்புவைப் பார்த்துச் சொன்னார்: "ஜம்பு, நாளையிலேருந்து தராசு உன் பொறுப்பு. தப்பு கலவையிலதான். என்ன சுடலை, பக்காவா?"

ஒரு தலையாட்டல் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். மாரீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கச்சா பாய்" என்றார் சுடலைக்கண்ணன். "கலவையில தப்பில்ல. அச்சுதான் கச்சா. கடைசிச் சூடு குடுக்காம அணைச்சுட்டு நான் கல்யாணுக்குப் போயிட்டேன்."

பாய் முதலில் இந்தியில் திட்டினார், அது போதாமல் தமிழிலும் திட்டினார். அத்தனையும் சுடலைக்கண்ணனுக்குத் தேன் மாதிரி இறங்கியது. மாரீஸ்வரி மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. உப்புக் காகிதத்தைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து தராசின் முன்னால் உட்கார்ந்தாள்.

மறுநாள் புது அச்சுக்குக் கலவை. மாரீஸ்வரி எடை பார்த்தாள். பிறகு கிண்ணத்தை இறக்கி, மறுபடியும் ஏற்றிப் பார்த்தாள். முன்பெல்லாம் ஒரு தடவை பார்த்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவள். இன்னொரு தடவையும் இறக்கி ஏற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இது சரியாத்தான் இருக்கா? கொஞ்சம் வந்து பாருங்களேன்."

சரியாகத்தான் இருந்தது.